நோட் 10 ப்ரோவுக்கு எந்த கஸ்டம் கர்னல் போடலாம்? மதிய வெயில்ல போன் தாங்கல

வியாசை_ரைடர்

போன் ரெட்மி நோட் 10 ப்ரோ, இந்திய மாடல், 6 ஜிபி ரேம். பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடுறது) அன்லாக் பண்ணியாச்சு. ஆண்ட்ராய்டு 14 ஏஓஎஸ்பி ரோம் (கூகுளோட திறந்த மூல ஆண்ட்ராய்டை வச்சுக் கட்டின சிஸ்டம்), ஆரஞ்சுஃபாக்ஸ் ரெகவரி (சிஸ்டம் ஃபைல்களைப் போடவும் பேக்கப் எடுக்கவும் உதவுறது), மேஜிஸ்க் ரூட் (போன்ல முழு அதிகாரம் தர்ற கருவி). ரோமோட வந்த கர்னல்தான், அதாவது ஹார்டுவேரை நடத்துற அடிப்படை மென்பொருள்தான், இப்ப ஓடுது.

டெலிவரி வேலை. போன் வண்டி ஹேண்டில்ல ஹோல்டர்ல மாட்டியே இருக்கும். மேப், ஆர்டர் ஆப், டேட்டா எல்லாம் முழு நேரமும் ஆன். பெரம்பூர், மூலக்கடை, எருக்கஞ்சேரி ஹை ரோடு, மணலி வரைக்கும் சுத்துற ரூட். மதியம் பன்னிரண்டுக்கு மேல மேப் திக்கித் திக்கி நகருது. பவர் பேங்க் சொருகியிருந்தாலும் சார்ஜ் ஏறவே மாட்டேங்குது.

மூணு கர்னல் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு சிபியு, ஜிபியு ரெண்டுக்கும் ஓவர்கிளாக் (வழக்கத்தை விடக் கூடுதல் வேகம்) கொடுத்து தெர்மல் லிமிட்டை (சூடானா வேகத்தைக் குறைக்கிற கட்டுப்பாடு) எடுத்துட்டோம்னு சொல்றது. ரெண்டாவது பேட்டரிக்குன்னே செஞ்சது, கவர்னரே (சிபியு வேகத்தைத் தீர்மானிக்கிற முறை) ஏழெட்டு இருக்கு. மூணாவது கர்னல்எஸ்யூ (கர்னல் வழியா ரூட் தர்ற முறை) உள்ளேயே சேர்த்தது. இதுல எது சரி? யுபிஐ ஆப் கட்டாயம் ஓடணும்.

கொருக்குப்பேட்டை_கர்னல்

ப்ரோ, முதல் கர்னலைத் தொடவே தொடாதீங்க. காரணம் சொல்றேன்.

உங்க போன்ல இருக்கிறது ஸ்னாப்டிராகன் 732ஜி. 1.8 கிகாஹெர்ட்ஸ்ல ஆறு சின்ன கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ்ல ரெண்டு பெரிய கோர். வேகத்தை ஏத்தணும்னா வோல்டேஜையும் ஏத்தணும். செலவாகுற மின்சாரம் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதனால கடைசி நூறு, இருநூறு மெகாஹெர்ட்ஸ்தான் எப்பவும் அதிக விலை வாங்கும். நிழல்ல வச்சு ஒரு பெஞ்ச்மார்க் ஓட்டினா நம்பர் கூடித் தெரியும். மே மாச வெயில்ல வண்டி ஹேண்டில்ல அதே கர்னல் சீக்கிரமே சூடாகி, முன்னாடி இருந்த வேகத்தை விடக் கீழே விழும்.

தெர்மலை எடுத்துட்டோம்னு சொல்றது இன்னும் மோசம். சிப்புக்குள்ளேயே ஹார்டுவேர் பாதுகாப்பு இருக்கு, அதை எந்த கர்னலும் எடுக்க முடியாது, சிப் தப்பிச்சுக்கும். ஆனா பேட்டரி, போனோட பின்பக்கம், இதுங்க சூட்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற வேலையை கர்னலும் வெண்டார்ல (போன் கம்பெனியோட ஃபைல்கள் இருக்கிற பகுதி) இருக்கிற தெர்மல் சர்வீஸும் சேர்ந்துதான் செய்யுது. அதை எடுத்தா அடி வாங்கப் போறது பேட்டரி. உப்பிப்போய் பின் மூடியைத் தள்ளும்.

இனி தேர்வு எப்படின்னா, அம்சப் பட்டியலைப் பார்க்காதீங்க. இந்த வரிசையில பாருங்க.

முதல்ல எந்த ரோமுக்குன்னு கட்டியிருக்காங்கன்னு பாருங்க. எம்ஐயுஐக்குக் (ஷாவ்மியோட சொந்த சிஸ்டம்) கட்டினதும் ஏஓஎஸ்பிக்குக் கட்டினதும் வேற வேற. மாத்திப் போட்டா கேமரா, டச், டிஸ்ப்ளே ஏதாவது ஒண்ணு படுத்துக்கும். ஆண்ட்ராய்டு பதிப்பும் பொருந்தணும். ஆண்ட்ராய்டு புதுசாகப் புதுசாக நெட்வொர்க் கணக்கு வைக்கிற வேலைக்கு கர்னல்ல இபிபிஎஃப் (கர்னலுக்குள்ள சின்ன நிரல்களை ஓட்டுற வசதி) அம்சங்களைக் கூடுதலா எதிர்பார்க்குது. அதைப் புது கர்னல்லிருந்து கொண்டுவந்து சேர்க்காத பழைய கர்னலைப் போட்டா பூட் அனிமேஷன்லயே நிக்கும், இல்லன்னா உள்ளே போய் நெட் வராது.

ரெண்டாவது, சோர்ஸ், அதாவது மூல நிரல். ஆண்ட்ராய்டு கர்னலுக்கு அடிப்படையான லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் 2 உரிமத்துல வருது. பைனரியைக் கொடுக்கிறவர் சோர்ஸையும் கொடுத்தாகணும். சோர்ஸ் லிங்க் இல்லாம வெறும் ஜிப் மட்டும் டெலிகிராம்ல கிடைச்சா விட்டுடுங்க. லிங்க் இருந்தா கடைசி கமிட் (மாத்தம் பதிவான) தேதியைப் பாருங்க. உங்க போன்ல ஓடுறது 4.14 கிளை. அந்தக் கிளைக்கு மூல லினக்ஸ்ல பராமரிப்பு 2024 ஜனவரியோட நின்னுபோச்சு, கடைசி எண் 4.14.336. அதுக்கு மேல எண் வச்சிருந்தா ஓப்பன்இலாங்கிற அமைப்பு தொடர்ந்து கொண்டுபோன கிளையிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம், அது நல்ல அடையாளம். 4.14.180, 190னு நிக்கிற கர்னலுக்கு எவ்வளவு அழகான பேர் வச்சிருந்தாலும் வேண்டாம். பேங்க் ஆப் ஓடுற போன் இது.

மூணாவது, எஸ்இலினக்ஸ், அதாவது ஆப்கள் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்துற பாதுகாப்பு. கர்னல் மாத்தினதும் டெர்மினல்ல கெட்என்ஃபோர்ஸ் கட்டளை கொடுத்தா என்ஃபோர்சிங்னு வரணும். பெர்மிசிவ்னு வந்தா அன்னைக்கே பழசுக்குத் திரும்பிடுங்க. அதே மாதிரி எஃப்சிங்கை நிறுத்தி வேகம் கூட்டியிருக்கோம்னு எழுதியிருந்தாலும் வேண்டாம். எழுதின தகவல் ஸ்டோரேஜுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு உறுதி பண்ற வேலை அது. அது இல்லாம போன் திடீர்னு அணைஞ்சா ஆப் டேட்டா கெட்டுப்போகும்.

கவர்னர் ஏழெட்டு இருக்கிறதால லாபம் எதுவும் இல்ல. இந்த சிப்புக்கு ஷெட்யுட்டில்ங்கிற கவர்னர் போதும். ஷெட்யூலர் (வேலைகளை கோர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற கர்னல் பகுதி) எந்த கோர்ல எவ்வளவு வேலைன்னு கணக்கு வச்சிருக்கு, ஷெட்யுட்டில் அந்தக் கணக்கை நேரா எடுத்து, மேல கால் பங்கு இடம் விட்டு வேகத்தைத் தீர்மானிக்குது. பழைய இன்டராக்டிவ் வகைகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

மூணாவது கர்னல் பத்தி: மேஜிஸ்க் வச்சுக்கிட்டே கர்னல்எஸ்யூ இருக்கிற கர்னலைப் போடாதீங்க, ரெண்டு ரூட் முறையும் மோதிக்கும். அதுவும் இல்லாம, கர்னல்எஸ்யூ 1.0 பதிப்பிலேயே ஜிகேஐ (கூகுளோட பொதுவான கர்னல்) இல்லாத கர்னல்களுக்கான அதிகாரபூர்வ ஆதரவை நிறுத்திட்டாங்க. உங்க 4.14 அந்த வகைதான். அதுக்குக் கடைசி அதிகாரபூர்வ பதிப்பு 0.9.5. இப்ப கிடைக்கிறதெல்லாம் மத்தவங்க கிளை பிரிச்சுப் பராமரிக்கிறது. மேஜிஸ்க் ஒழுங்கா ஓடுதுன்னா மாத்த அவசியம் இல்ல.

யுபிஐ ஆப்களைப் பொறுத்தவரை, பூட்லோடர் அன்லாக், ரூட் தடயம் ரெண்டும்தான் பிரச்சினை. கர்னல் மாத்துறதால மட்டும் நிலைமை சரியாகவும் செய்யாது, கெட்டும் போகாது.

தண்டையார்பேட்டை_டெக்

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா கேள்வியில இருக்கிற அறிகுறி கர்னல் பிரச்சினை மாதிரித் தெரியல. ஃபிளாஷ் பண்றதுக்கு (புது கர்னல் போடுறதுக்கு) முன்னாடி ரெண்டு நம்பர் எடுங்க தம்பி.

டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் ஆப்ல ரூட் அனுமதி கொடுத்து /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்டரி ஃபோல்டருக்குள்ள போங்க. அங்க டெம்ப்னு ஒரு ஃபைல். அதுல 412ன்னு இருந்தா 41.2 டிகிரி. மதியம் வண்டியை நிறுத்தின உடனே அதைப் படிங்க. 45ஐ நெருங்கினதும் சார்ஜ் மின்னோட்டத்தைக் குறைக்கிறது பேட்டரியைக் காப்பாத்துற ஏற்பாடு. அதை உடைக்கிற கர்னல் இருந்தாலும் போடக்கூடாது.

அடுத்து அதே ஃபோல்டர்ல சார்ஜ்_ஃபுல், சார்ஜ்_ஃபுல்_டிசைன்னு ரெண்டு ஃபைல். டிசைன்ல ஏறக்குறைய 5020000 வரணும், அதாவது 5020 எம்ஏஎச். முதல் எண்ணை இதால வகுத்தா பேட்டரியில மிச்சம் இருக்கிற கொள்ளளவு தெரியும். எண்பது சதவீதத்துக்குக் கீழ வந்துட்டா எந்த கர்னலும் உதவாது. தேய்ஞ்ச பேட்டரிக்கு உள் மின்தடை கூடியிருக்கும். சிபியு ஒரே நேரத்துல அதிகமா இழுக்கிறப்ப வோல்டேஜ் சரியும், பேட்டரி தானும் கூடுதலா சூடாகும்.

சார்ஜ் ஏறாததுக்கு டைப் சி போர்ட்டையும் பாருங்க. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தினமும் ஓடுற போன்ல கடல் காத்து உப்பும் லாரிப் புழுதியும் சேர்ந்து போர்ட் பின்கள்ல வெள்ளையாவோ பச்சையாவோ படியும். போனை அணைச்சுட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல மெல்லிசா சீவின மரப் பல்குச்சியைத் தொட்டு மெதுவா எடுங்க. ஊசி, பின் எதுவும் உள்ளே விடாதீங்க. நடுவில இருக்கிற நாக்கு உடைஞ்சா சார்ஜிங் போர்டையே மாத்தணும்.

மழைக்குப் போடுற பிளாஸ்டிக் பை மாதிரி ஹோல்டரை வெயில் காலத்துல கழட்டிடுங்க. பின் கவரையும் கழட்டிட்டு, பின்பக்கம் காத்துப் படுற கிளாம்ப் ஹோல்டர் போடுங்க. அதுல கிடைக்கிற வித்தியாசம் எந்த ட்வீக்லயும் கிடைக்காது.

வியாசை_ரைடர்

நன்றி அண்ணே. பார்த்தேன். டெம்ப் 447. சார்ஜ்_ஃபுல் 3715000, டிசைன் 5020000. கர்னல் 4.14.190 சொச்சம் காட்டுது. அப்ப பேட்டரி மாத்திட்டு கர்னலும் மாத்தணுமா?

தண்டையார்பேட்டை_டெக்

74 சதவீதம். பேட்டரியைத்தான் முதல்ல மாத்தணும். பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட் எங்க வாங்கினாலும் பழைய பேட்டரி மேல அச்சடிச்ச மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க, அதே எண் வேணும்னு கேளுங்க. 6000, 7000 எம்ஏஎச்னு போட்டிருந்தா வாங்காதீங்க, அதே அளவு உறைக்குள்ள அவ்வளவு அடங்காது. பேட்டரியோட அடையாளம் போன் எதிர்பார்க்கிறதோட பொருந்தலன்னா சார்ஜ் வேகத்தைக் குறைச்சுடும். பொருத்தினதும் மூடி ஒட்டுறதுக்கு முன்னாடியே கடையிலயே சார்ஜர் சொருகிப் பாருங்க. அப்புறம் நாலஞ்சு முறை முழுசா இறக்கி ஏத்தினாத்தான் சார்ஜ்_ஃபுல் எண் நம்புற மாதிரி வரும்.

கொருக்குப்பேட்டை_கர்னல்

பேட்டரி முதல்ல, ஒத்துக்கிறேன். ஆனா 190ல நிக்கிற கர்னலை அப்படியே வச்சுக்கக் கூடாது. முதல்ல ரோமுக்கே புது பில்ட் வந்திருக்கான்னு பாருங்க. வந்திருந்தா அதோட கர்னலும் புதுசாகும், தனி கர்னலே தேவைப்படாது. வரலன்னா பேட்டரி மாத்தி ஒரு வாரம் ஓட்டிட்டு, ரெண்டாவது கர்னலைப் போடலாம், சோர்ஸும் எண்ணும் சரியா இருந்தா. ரெண்டையும் ஒரே நாள் மாத்தினா எதால நல்லாச்சு, எதால கெட்டுதுன்னு தெரியாது.

போடுற முறை: ரெகவரியில பேக்கப் போய் பூட் (கர்னல் இருக்கிற பகுதி), டிடிபிஓ (ஹார்டுவேர் விவரம் இருக்கிற பகுதி) ரெண்டையும் டிக் பண்ணி எடுங்க. அந்தக் காப்பியை கம்ப்யூட்டர்லயோ ஓடிஜி பென் டிரைவ்லயோ வைங்க. போன் ஸ்டோரேஜ் டிகிரிப்ட் ஆகலன்னா உள்ளே இருக்கிற காப்பி கண்ணுக்கே தெரியாது. இது ஏ/பி ஸ்லாட் (சிஸ்டத்துக்கு ரெண்டு பிரதி இடம்) இல்லாத போன், பழைய ஸ்லாட்டுக்குத் தாவித் தப்பிக்க வழி இல்ல. ரோம் ஜிப்பையும் கைவசம் வைங்க, பூட் இமேஜ் அதுக்குள்ளேயே இருக்கும்.

கர்னல் ஜிப்பைத் திறந்து எனிகர்னல் (கர்னலைப் பொருத்துற கருவி) ஸ்கிரிப்டைப் படிங்க. சாதனப் பேர் பட்டியல்ல ஸ்வீட் (உலக மாடலோட உள்பேர்) மட்டும் இருந்தா உங்க இந்திய மாடல்ல மறுக்கலாம், ஏன்னா இதோட பேர் ஸ்வீட்இன். ஸ்கிரிப்டைத் திருத்தி ஏமாத்தாதீங்க, ரெண்டுக்கும் சேர்த்துக் கட்டினதை எடுங்க.

எனிகர்னல்3 இப்ப இருக்கிற பூட் இமேஜைப் பிரிச்சு கர்னலை மட்டும் மாத்தி மறுபடி கட்டும், ராம்டிஸ்க்கை (பூட் ஆகும்போது முதல்ல ஏறுற ஃபைல்கள்) தொடாம விட்டுடும். அதனால மேஜிஸ்க் அப்படியே இருக்கும். ஆனா ஒரு கஸ்டம் கர்னல் மேலயே இன்னொண்ணு போட்டா பழையதோட டிடிபிஓ மிச்சம் ஒட்டிக்கும். ஒவ்வொரு முறையும் ரோமோட பூட், டிடிபிஓவைத் திருப்பி வச்சுட்டுப் போடுங்க. அப்படித் திருப்பினா மேஜிஸ்க் போயிடும். வரிசை இதுதான்: ரோம் பூட், அப்புறம் கர்னல், கடைசியில மேஜிஸ்க்.

வைஃபை வரலன்னா வெண்டார்ல இருக்கிற வைஃபை மாட்யூலும் கர்னலும் பதிப்பு பொருந்தலன்னு அர்த்தம். செட்டிங்ஸ்ல தேடிப் பிரயோஜனம் இல்ல, கர்னலை மாத்துங்க. டேட்டா பார்டிஷன் மவுன்ட் ஆகலன்னா பதறிப்போய் ஃபார்மேட் கொடுக்காதீங்க. என்கிரிப்ஷன் முறை பொருந்தாம இருக்கலாம், பழைய பூட்டைத் திருப்பினா டேட்டா அப்படியே திரும்பி வரும்.

போட்டதும் ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க. கர்னல் மேனேஜர் ஆப்ல பாலிசி6, அதாவது ரெண்டு பெரிய கோர், அதோட உச்ச வேகத்தை 1.9 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்துல இருக்கிற படிக்கு இறக்குங்க. டிஸ்ப்ளே 120லிருந்து 60 ஹெர்ட்ஸ். மேப்புக்கு இதுவே தாராளம். இசட்ரேம் (ரேம்லயே தகவலைச் சுருக்கி வைக்கிற இடம்) ரோம் வச்ச அளவுலயே இருக்கட்டும், சுருக்குற முறை எல்இசட்4. இசட்ஸ்டாண்டர்ட்ங்கிற இன்னொரு முறை நல்லா சுருக்கும், ஆனா சிபியு வேலை கூடும், உங்களுக்கு இப்ப அது வேண்டாம்.

எண்ணூர்_அலை

ஒண்ணு விட்டுப்போச்சு. மேனேஜர் ஆப்ல "பூட்டில் செயல்படுத்து" அப்படிங்கிற சுவிட்சை முதல் ரெண்டு நாள் ஆன் பண்ணாதீங்க. தப்பான மதிப்பு ஒட்டிக்கிட்டா ஒவ்வொரு பூட்டுலயும் விழும்.

அப்படியும் போன் தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, ஆன் பண்ணி ஓட்ட ஆரம்பிக்காம வால்யூம் அப்பும் பவரும் சேர்த்து அழுத்தி நேரா ரெகவரிக்குப் போங்க. /சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர்ல கன்சோல்-ராம்ஊப்ஸ்னு ஆரம்பிக்கிற ஃபைல் இருக்கும், கர்னல் சாகிறதுக்கு முன்னாடி எழுதின கடைசி வரிகள் அதுல இருக்கும். அது ரேம்ல இருக்கிறது, பேட்டரி தீர்ந்து அணைஞ்சா போயிடும். அதைக் காப்பி பண்ணி கர்னல் கட்டினவருக்கு ரோம் பில்ட் தேதியோட அனுப்புங்க. "ரீபூட் ஆகுது ப்ரோ"ன்னு மட்டும் எழுதினா அவரால எதுவும் பண்ண முடியாது.