பிக் ஸ்பிளாஷை இடித்தது சரிதானா?

பிடோக் வாசி:
நேற்றுப் பிள்ளைகளோடு சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள கோஸ்டல் பிளேகுரோவ் விளையாட்டிடத்துக்குப் போனேன். 1977இல் திறந்த பிக் ஸ்பிளாஷ் நீர்ச்சறுக்குப் பூங்கா நின்ற அதே இடம். 16 மீட்டர் கோபுரம், வலை, சறுக்குக் குழாய் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் மனம் ஒட்டவில்லை. ஈரக்காலோடு படியேறி, வண்ண வண்ணச் சறுக்குகளில் நமக்கென ஒன்றைப் பிடித்து, பக்கத்துச் சறுக்கில் வரும் அண்ணனை முந்திக்கொண்டு நீரில் விழுந்த சுகம் எங்கே? ஒரு சறுக்கையாவது விட்டுவைத்திருக்கலாம்.

மூன்று பிள்ளைகளின் தாய்:
அந்தச் சுகத்துக்கு டிக்கெட் வாங்கியதை மறந்துவிட்டீர்களா, அண்ணா? எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அப்பா டிசம்பர் விடுமுறையில் ஒரே ஒருமுறை அழைத்துப் போவார். மற்ற நாள்களில் வெளியே மணலில் உட்கார்ந்து உள்ளேயிருந்து வரும் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருப்போம். இன்று என் பிள்ளைகள் ஒரு காசு கொடுக்காமல் பத்து முறை ஏறி இறங்குகிறார்கள்.

பிடோக் வாசி:
இலவசம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் ஓடும் சறுக்கு உடலைத் தானே இழுத்துக்கொண்டு போகும். உலர்ந்த குழாயில் துணி ஒட்டுகிறது. என் மகன் பாதி வழியில் நின்று, நகர்ந்து நகர்ந்து இறங்கினான்!

மரின் பரேட் பெரியவர்:
இருவருமே 2006ஐத் தாண்டிக் குதிக்கிறீர்கள். பிக் ஸ்பிளாஷ் மூடியது அந்த ஆண்டில். பிளேகுரோவ் வந்தது 2021இல். இடையில் அங்கே இருந்தவை சாப்பாட்டுக் கடைகள். கோபுரத்தின் மேல் பழி போடுவானேன்? 2004இல் பாசிர் ரிஸ்ஸில் வைல்டு வைல்டு வெட் என்ற புதிய நீர்ப்பூங்கா திறந்ததும் என் பேரப்பிள்ளைகள் பழைய குளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலும், 1966இல் நிலமீட்பு தொடங்குவதற்கு முன் அந்த இடமே கடல்தான். இதில் மரபு எங்கிருந்து வந்தது?

பிடோக் வாசி:
மரின் பரேடும் மீட்ட நிலம்தானே, ஐயா? உங்கள் அடுக்குமாடி புளோக்கை இடித்தால் சும்மா இருப்பீர்களா?

மரின் பரேட் பெரியவர்:
புளோக்கில் நான் தினமும் படுத்து எழுகிறேன், தம்பி. நீங்கள் கடைசியாக பிக் ஸ்பிளாஷுக்கு டிக்கெட் வாங்கியது எப்போது?

பிடோக் வாசி:
1999. தேசிய சேவைக்குப் போவதற்கு முந்தின வாரம்.

மூன்று பிள்ளைகளின் தாய்:
அப்படியானால் ஏழு ஆண்டுகள் நீங்களும் போகவில்லை! மகனுக்கு அடுத்த முறை நீளக் காற்சட்டை போட்டு அழைத்து வாருங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது.