கவிதா வளைகாப்பு: ஹால் மேட்டர்

சித்தி: டிசம்பர் முதல் வாரம்தான் நாள் குறிச்சிருக்கு. கோட்டூர்புரம் ஹால், கீழ்தளம். எல்லாருக்கும் ஓகேவா?

அத்தை: ஓகே. கலந்த சாதமா, ஃபுல் சாப்பாடா?

பெரியப்பா: யாரும் அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டாதீங்க. 2015ல வெறும் மழை மட்டுமா நம்மள கவுத்துச்சு, நவம்பர் பூரா பேஞ்சு மண்ணு ஊறி ஏரியெல்லாம் தளும்பிட்டிருந்துச்சு, அதுக்கு மேல டிசம்பர் 1 மழை, அன்னிக்கே செம்பரம்பாக்கம் ஏரியில வினாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க, கோட்டூர்புரம் பக்கத்துல ஓடுற அடையாறு எப்படித் தாங்கும், தனித்தனியா வந்திருந்தா சமாளிச்சிருக்கலாம்.

அத்தை: அன்னிக்கு ரெண்டாவது மாடியில இடமில்லன்னு சொன்னவங்களும் இந்த குரூப்லதான் இருக்காங்க

சித்தி: மூணு நாள் எங்க ஹால்ல 14 பேர் இருந்தாங்க அண்ணி. பால் பவுடர்ல காபி கலக்கி குடுத்தது யாரு?

அத்தை: நான் பொதுவா சொன்னேன்

குமார் தூத்துக்குடி: 2023ல எங்களுக்கும் இதான். உங்க மிக்ஜாம் வெள்ளத்துக்கு பாய் போர்வை அனுப்பிவிட்டோம், ரெண்டே வாரத்துல காயல்பட்டினத்துல ஒரு நாள்ல 95 செ.மீ. மழை. எங்களுக்கே படுக்க பாய் இல்ல

சித்தப்பா: ரெட் அலர்ட் வந்தா பாத்துக்கலாம்ணே

பெரியப்பா: அலர்ட்டு எவ்வளவு மழைன்னு சொல்லும்டா. ஏரி எத்தன அடின்னு நீதான் சேத்துப் பாக்கணும். புயல் காத்து கடல கரைக்குத் தள்ளுச்சுன்னா முகத்துவாரத்துல ஆத்துத் தண்ணிய கடல் வாங்காது, அமாவாசை பௌர்ணமி ஓதமும் சேந்துச்சுன்னா கேக்கவே வேணாம், நம்ம ஹால் வேற அங்க கிட்டத்துலதான். செம்பரம்பாக்கம் மொத்தம் 24 அடி. நவம்பர் கடைசில 22 தாண்டியிருந்தா நான் அந்த ஹாலுக்கு வரமாட்டேன்.

அத்தை: அண்ணன் வரலன்னா நானும் வரல

சித்தி: நீங்க என்னிக்குதான் வந்தீங்க அண்ணி

குமார் தூத்துக்குடி: 😂

பெரியப்பா: மாடி ஹால் ஒண்ணு பாருங்க. தி.நகர்ல கேட்டுச் சொல்றேன்.

சித்தி: ஏழு மாசப் புள்ளத்தாச்சிய மாடி ஏத்தவா? லிஃப்ட் இருக்கா?

பெரியப்பா: இருக்கும்

அத்தை: கரண்ட் போனா?

பெரியப்பா: ஜெனரேட்டர் எங்க வச்சிருக்கான்னும் கேக்கறேன். கீழ வச்சிருந்தா பிரயோஜனமில்ல.

சித்தப்பா: அண்ணே, நேத்தே கோட்டூர்புரத்துக்கு பத்தாயிரம் கட்டிட்டேன்

சித்தி: என்கிட்ட சொல்லவே இல்ல??

அத்தை: அப்போ கலந்த சாதமே போதும்