கிராஃபீம் கிளஸ்டருக்குத் தமிழ்ச்சொல்: ‘எழுத்தலகு’ என்னும் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

சொற்செயலியின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கும்போது ‘கிராஃபீம் கிளஸ்டர்’ (படிப்பவர் ஓர் எழுத்தாகக் காணும், உள்ளே ஒன்றோ பலவோ குறிகளால் ஆன அலகு) என்பதை ‘எழுத்துக் கொத்து’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இடஞ்சுட்டி (கர்சர்) நகர்வு தொடர்பான ஒரு வழுவைச் (நிரல் பிழையைச்) சில வாரங்களாகத் திருத்தி வருகிறேன். அந்தப் பணியில் இந்தக் கருத்தை நாள்தோறும் கையாள நேர்ந்ததால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பயனர் ஒருவர் அனுப்பிய ஆவணத்தில் ‘கொடி’ என்ற சொல்லின் இறுதியிலிருந்து இடது அம்பு விசையை அழுத்திக்கொண்டே வந்தால், இடஞ்சுட்டி ‘டி’யை ஒழுங்காகத் தாண்டியது, ஆனால் ‘கொ’வைத் தாண்டாமல் அதன் நடுவே, துணைக்காலுக்கு முன்னால் நின்றது. அந்த இடத்தில் ‘ப’ என்று தட்டினால் சொல் ‘கெபாடி’ என்று சிதைந்தது. காரணம் எளியது. யூனிகோடு என்பது எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் உலகத் தரம். அதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் அடுத்தடுத்து வரும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது தரத்தின் விதி. அந்த ஆவணம் இரண்டாம் வகையில் சேமிக்கப்பட்டிருந்தது. நம் நிரலின் ஒரு பகுதியோ, மெய்யை அடுத்து ஒரே ஒரு குறிதான் வரும் என்று கருதி எழுதப்பட்டிருந்தது.

திருத்தம் கடினமாக இல்லை. எல்லை எது என்பதை நிரல் தானே ஊகிக்காமல் ஐசியு என்னும் யூனிகோடு நிரல் நூலகத்திடம் கேட்கும்படி மாற்றினேன். அந்த மாற்றத்தை விளக்கித் தமிழில் நான்கு வரி எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றுபோனது. ‘எழுத்து’ என்ற ஒரே சொல் அங்கே மூன்று வேறு பொருள்களைச் சுமக்க வேண்டியிருந்தது. துணைக்கால் பிரிந்த ‘கொ’வைப் படிப்பவர் ஓர் எழுத்து என்பார், யூனிகோடு கணக்கில் அது மூன்று எண்கள், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் 3 பைட் பிடிப்பதால் நினைவகத்தில் அது 9 பைட். வழு அறிக்கை எழுதுபவர் முதல் பொருளிலும், நிரலர் இரண்டாம் பொருளிலும் அதே சொல்லை வழங்கினால் பேச்சு ஒருபோதும் ஒத்துப்போகாது.

‘கொத்து’ என்பதன் குறை இங்கேதான் தெரிகிறது. எழுத்துக் கொத்து என்று கேட்டவுடன் பல எழுத்துகள் சேர்ந்த ஒன்று என்றே தமிழ்க் காது கொள்ளும். உண்மையில் கொத்தாக இருப்பவை உள்ளே இருக்கும் குறிகள். வெளியே நிற்பது ஓர் எழுத்து. ‘கூட்டெழுத்து’ இன்னும் இடர் தரும், ஏனெனில் இரண்டு எழுத்துகள் உருவில் இணைந்து நிற்பதற்கு அது ஏற்கனவே வழக்கில் உள்ளது. ஒலியன், உருபன் என்பவற்றை ஒட்டி ‘எழுத்தன்’ என்று ஆக்கலாம் என்ற கருத்து மொழியியல் நோக்கில் அழகானது. ஆனால் விசைப்பலகை முன்னால் இருப்பவருக்கு அது ஓர் ஆளின் பெயர்போல் ஒலிக்கும் என்று அஞ்சுகிறேன். ‘உயிர்மெய்’ போதாது: புள்ளி பெற்ற ‘க்’ உயிர்மெய் அன்று, ஆயினும் இரண்டு குறிகளால் ஆன ஒரே அலகு. உச்சியில் குறி ஏறிய இலத்தீன் எழுத்துக்கும் அதே விதிதான்.

ஆகவே ‘எழுத்தலகு’ என்பதை முன்வைக்கிறேன். வேற்றுமை ஏற்கும்போது அது தடுமாறுவதில்லை: எழுத்தலகை அழி, எழுத்தலகுகளின் எண்ணிக்கை, எழுத்தலகு எல்லை. சேமிப்பின் சிற்றலகான ‘கோடு யூனிட்’டைக் ‘குறியலகு’ என்று சொன்னால் இரண்டும் இணையாக நிற்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள ‘கோடு பாயிண்ட்’ (யூனிகோடு ஒரு குறிக்குத் தரும் எண்) என்பதற்குச் சிலர் எழுதும் ‘குறிப்புள்ளி’யைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, மெய்ப்புள்ளியைப் பற்றியே ஓயாமல் பேச வேண்டிய இடத்தில் இன்னொரு புள்ளி குழப்பத்தையே வளர்க்கும். அது ஓர் எண்தான் என்பதால் ‘குறியெண்’ போதும்.

ஒரு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். ‘க்ஷ’வைப் படிப்பவர் ஒன்றாகவே எண்ணுகிறார், யூனிகோடின் இயல்பு விதியோ அதை ‘க்’, ‘ஷ’ என இரண்டாகப் பிரிக்கிறது. 2023இல் வெளியான 15.1 பதிப்பில் தேவநாகரி, மலையாளம் முதலிய சில எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளைப் பிளக்காமல் காக்கும் விதி சேர்ந்தது. தமிழ் அந்த வரிசையில் இல்லை. அப்படியானால் எழுத்தலகு எழுத்தோடு பொருந்தவில்லையே என்று கேட்கலாம். அதனால்தான் ‘எழுத்து’ என்று நிறுத்தாமல் ‘அலகு’ என்று சேர்க்கிறேன். அலகு என்பது அளப்பவர் வகுத்துக்கொள்வது. தேவைப்படும் மென்பொருள் ‘க்ஷ’வை ஒரே அலகாக வகுத்துக்கொள்ள தரமும் இடம் தருகிறது.

இந்தப் பிரிப்பு இல்லாமல் நமக்கு வரும் சில அறிக்கைகளுக்குப் பதிலே எழுத முடியாது. ‘கௌ’வின் நடுவில் இடஞ்சுட்டி நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கோப்பைத் திறந்து பார்த்தால், அவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ‘கெ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டியிருக்கிறார். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ‘கௌ’ ஓர் எழுத்தலகு, ‘கெள’ இரண்டு எழுத்தலகுகள், எனவே இடஞ்சுட்டி சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று இப்போது ஒரே வரியில் விளக்க முடிகிறது.

உதவிப் பக்கத்துக்கான என் வரைவு (‘நீக்கு’ என்பது டெலிட், ‘பின்னழி’ என்பது பேக்ஸ்பேஸ்): “நீக்கு விசை இடஞ்சுட்டிக்கு அடுத்துள்ள எழுத்தலகை முழுமையாக அழிக்கும்; பின்னழி விசை முன்னுள்ள ஒரு குறியெண்ணை மட்டும் அழிக்கும்.” ‘கி’ என்று தட்ட நினைத்துக் ‘கீ’ என்று தட்டியவர் ககரத்தை இழக்காமல் குறியை மட்டும் மாற்றிக்கொள்ளவே பின்னழி விசை இவ்வாறு அமைந்துள்ளது, இதையும் வழு என்று பலர் பதிவதால், அந்தக் காரணத்தையும் பக்கத்தில் சேர்க்க விரும்புகிறேன். ‘அம்மா’ என்பதற்கு 3 எழுத்தலகுகள், 5 குறியெண்கள். சொல் எண்ணிக்கைப் பெட்டியில் இவற்றுள் எதைக் காட்டுகிறோமோ அதன் பெயரையே அங்கே இட வேண்டும். ‘பின்னழி’ என்பதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள். அந்த வரியை மட்டும் இன்னும் பதிவேற்றாமல் வைத்திருக்கிறேன்.