என் ஃபைல் பாஸ், கட்டடம் ஃபெயிலாம்! காண்டோ லோன் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாத்ரயில் (2024 மார்ச் 9)
வணக்கம். ஜெர்சி சிட்டியில் 64 வீடுகள் உள்ள காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) ஒன்றில் இரண்டு பெட்ரூம் வீடு பேசி முடித்திருக்கிறோம். விலை 4,20,000 டாலர், டவுன் பேமென்ட் 5%. டபிள்யூ-2 (வருடச் சம்பளச் சான்று), பே ஸ்டப் எல்லாம் கொடுத்தாயிற்று, அப்ரெய்சலும் (வீட்டின் மதிப்பீடு) வந்துவிட்டது. க்ளோசிங்குக்கு (கையெழுத்திட்டுச் சாவி வாங்கும் நாள்) இன்னும் 12 நாள். நேற்று லோன் ஆபீசர் போன் செய்து, "உங்கள் ஃபைல் சுத்தம், ப்ராஜெக்ட் ரிவ்யூவில் (கட்டடத்தைப் பற்றிய ஆய்வில்) நிற்கிறது" என்கிறார். ஹெச்.ஓ.ஏ. (வீட்டுக்காரர்கள் சங்கம்) பட்ஜெட்டில் ரிசர்வுக்கு, அதாவது பெரிய ரிப்பேருக்கான சேமிப்புக்கு, 6%தான் ஒதுக்கியிருக்கிறார்களாம். பால்கனி ரிப்பேர் பற்றியும் ஏதோ கேள்வி. நான் வாங்குவது ஒரு வீடு. மற்ற 63 வீட்டுக் கணக்கு எனக்கு எதற்கு? வீட்டில் பால் காய்ச்ச நாள் வேறு குறித்தாயிற்று.

டாம்பா_சித்தப்பு
63 வீட்டுக் கணக்கும் உங்கள் கணக்குதான் சார். 2021 ஜூன் 24 நள்ளிரவு தாண்டி, எங்கள் ஃப்ளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடில் 12 மாடிக் காண்டோ இடிந்து 98 பேர் இறந்தார்கள். கட்டடத்தில் சேதம் இருக்கிறது என்று 2018லேயே இன்ஜினியர் எழுதிக்கொடுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் லோன் கொடுப்பவர்கள் சங்கத்துக்கு அனுப்பும் கேள்வித்தாள் இவ்வளவு நீளமானது.

ஃபைல்தள்ளி
பதினொரு வருடமாக லோன் ப்ராசஸிங்கில் இருக்கிறேன் தம்பி. உங்கள் கடனை பேங்க் பெரும்பாலும் ஃபேனி மேவுக்கோ ஃப்ரெடி மேக்குக்கோ (வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்கள்) விற்றுவிடும். அவர்கள் உங்களோடு சேர்த்துக் கட்டடத்தையும் எடை போடுவார்கள். தனி வீட்டில் கூரை ஒழுகினால் உங்கள் பாடு. இங்கே கூரையும் லிஃப்டும் பொது. சங்கத்தில் காசில்லை என்றால் ஒருநாள் "வீட்டுக்கு இவ்வளவு கட்டு" என்று ஸ்பெஷல் அசெஸ்மென்ட் வரும், அந்த மாதம் லோன் தவணை தடுமாறும். அவ்வளவுதான் பயம்.

இப்போதைய (2024) விதிப்படி, ஃபேனி மேயின் ஃபுல் ரிவ்யூவில் (கட்டடத்தின் முழு ஆய்வில்) ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 10% ரிசர்வுக்குப் போக வேண்டும். மாதக் கட்டணத்தை 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்த வீடுகள் 15%ஐத் தாண்டக்கூடாது. உங்கள் 64இல் 9 வரை பிழைக்கும், 10 என்றால் போச்சு.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் 5% போட்டதால்தான் ஃபுல் ரிவ்யூவில் மாட்டினீர்கள். நீங்களே குடியிருக்கப் போகிற வீடு, பழைய கட்டடம், 10% டவுன் என்றால் லிமிடெட் ரிவ்யூவே (சுருக்கமான ஆய்வு) போதும். அதில் பட்ஜெட்டைத் தோண்ட மாட்டார்கள். (ஃப்ளோரிடாவில் இது செல்லாது, அங்கே 25% கேட்பார்கள். சித்தப்பு சாட்சி.) இன்னொரு வழி: மூன்று வருடத்துக்குள் எடுத்த ரிசர்வ் ஸ்டடி (வருங்கால ரிப்பேருக்குச் சேமிப்பு போதுமா என்று பார்க்கும் அறிக்கை) இருந்து, சேர்த்த பணம் போதும் என்று அதில் இருந்தால் 6%ஐயும் ஏற்றுக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் இந்த ஜனவரியில் வந்த சட்டம் அந்த ஸ்டடியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மேனேஜ்மென்ட் கம்பெனியைக் கேளுங்கள்.

ஆனால் பால்கனி எந்த ரிவ்யூவிலும் விடாது. பெயின்ட் வேலையா, உள்ளே கம்பி துருப்பிடித்ததா? துரு என்றால் வேலை முடிந்ததற்கு இன்ஜினியர் கடிதம் வேண்டும். சங்கத்தின் கடைசி மூன்று நான்கு போர்டு மீட்டிங் மினிட்ஸை (கூட்டக் குறிப்புகளை) வாங்கி நீங்களே படியுங்கள். கேள்வித்தாளில் மழுப்புவதை அங்கே உளறியிருப்பார்கள்.

பாத்ரயில்
அக்கா, நன்றி! ரிசர்வ் ஸ்டடி இல்லையாம். டவுன் பேமென்ட்டை 10% ஆக்க இன்னும் 21,000 டாலர் வேண்டும், அதற்கு அப்பா திருச்சியில் ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கிறேன் என்கிறார். பிரச்சினை வருமா?

ஃபைல்தள்ளி
வராது. கிஃப்ட் லெட்டரும் (இது கடனல்ல, அன்பளிப்பு என்ற கடிதம்) அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குப் பணம் வந்த தடமும் வேண்டும். மாமா, சித்தப்பா என்று நான்கு கைகள் மாறி வந்தால் ஒவ்வொரு கைக்கும் அண்டர்ரைட்டர் (கடனை அலசி முடிவு செய்பவர்) காகிதம் கேட்பார். திங்கட்கிழமையே லோன் ஆபீசரிடம் சொல்லுங்கள், ஃபைலைத் திரும்ப ஓட்ட வேண்டும்.

பாத்ரயில் (ஏப்ரல் 2)
அப்டேட்: வெள்ளிக்கிழமை சாவி வாங்கிவிட்டோம். பால்கனி வெறும் ரெயிலிங் பெயின்ட். மினிட்ஸில் கொட்டேஷனோடு இருந்தது, அதைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். ரேட் லாக்கை (வட்டி விகிதத்தைப் பிடித்து வைத்த கெடுவை) நீட்டிக்க 473 டாலர் தண்டம். அப்புறம், அதே மினிட்ஸில் அடுத்த வருடம் லிஃப்ட் மாற்றப் போகிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் நான்காவது மாடி.