சிக்னல் இல்லாத ஆற்றங்கரையில் நீர்த்தரப் பதிவு: எந்தச் செயலி ஒத்துவரும்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஆற்றோரத்தில் வசிக்கும் நாங்கள் சேர்ந்து தண்ணீரின் தரத்தைப் பதிவு செய்துவருகிறோம். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), மின்கடத்துதிறன், வெப்பநிலை, நிறம், கூடவே ஒரு படம். இதுவரை தாளில் குறித்து, படமெடுத்து, அரட்டைக் குழு ஒன்றில் போட்டுவந்தோம். தொகுக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ஒரு பதிவில் பிஎச் 72 என்று இருக்கிறது. 7.2 ஆகத்தான் இருக்கும், ஆனால் நாமாக எப்படித் திருத்துவது? படங்களில் எடுத்த இடமும் இல்லை, நேரமும் இல்லை. குழுவில் சிலருக்கு எழுதப் படிக்க வராது. ஆற்றை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் யாரும் இல்லை, அவர்களை விட்டுவிட்டு இந்த வேலையைச் செய்ய மனமில்லை. இருப்பவை பழைய ஆண்ட்ராய்டு போன்கள். கழிவு கலப்பதைப் பற்றி முறையிடும்போது யார் கேள்வி கேட்டாலும் பதிவுகள் தாக்குப்பிடிக்க வேண்டும். எதை எடுப்பது?

பதில் 1:
படத்தின் சிக்கல் முதலில். அரட்டைச் செயலிகள் பெரும்பாலும் படத்தைச் சுருக்கி அனுப்பும், அப்போது அதற்குள் இருக்கும் இடமும் நேரமும் உதிர்ந்துவிடும். போனில் மூலப் படங்கள் இருந்தால் இப்போதே தனியாக நகலெடுத்து வையுங்கள், இட வசதி இயக்கத்தில் இருந்திருந்தால் விவரம் அதில் இருக்கும்.

செயலி என்றால் கோபோடூல்பாக்ஸ் அல்லது ஓடிகே பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் (எக்செல் தாளில் கேள்விகளை எழுதி உருவாக்கும் முறை) படிவத்தை ஏற்கும். இணையம் உள்ள இடத்தில் படிவத்தைப் போனில் இறக்கிக்கொண்டால் போதும். கரையில் சிக்னல் இல்லாமலே நிரப்பலாம், ஊருக்குத் திரும்பியதும் பதிவுகளை அனுப்பலாம். பிஎச் கேள்விக்கு ‘0 முதல் 14 வரை’ என்று நிபந்தனை போட்டுவிட்டால் 72ஐ அது வாங்கவே வாங்காது, தண்ணீர் கையில் இருக்கும்போதே மீட்டரைத் திரும்பப் பார்த்துவிடலாம். படிக்க வராதவர்களுக்காகக் கேள்வியை உங்கள் குரலிலேயே பதிந்து சேர்க்கலாம். நிறத்துக்குச் சொற்களோடு படங்களையும் வையுங்கள்: தெளிந்த நீர், செம்மண் கலங்கல், கருமை, நுரை. அந்தப் படங்கள் உங்கள் ஆற்றிலேயே எடுத்தவையாக இருக்கட்டும்.

பதில் 2:
கோமேப்பியோவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அமேசான் பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தைக் காக்கும் வேலையோடு சேர்ந்து வளர்ந்த செயலி அது. மைய சர்வர் இல்லாமலே வேலை செய்யும். ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும், அந்த வைஃபைக்கு இணையம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தரவு உங்கள் கையைவிட்டுப் போகாது. முறையீடு என்று வரும்போது இது சின்ன விஷயம் இல்லை: யார் எங்கே நின்று படமெடுத்தார் என்பது வெளியே போனால் அவருக்குத் தொல்லை வரலாம். ஆனால் எண்களுக்கு நுணுக்கமாக நிபந்தனை போட கோபோதான் வசதி.

பதில் 3:
செயலியைப் பற்றியே பேசுகிறோம், மீட்டரை யாரும் கேட்கவில்லையே! பதிவு நிற்பதும் விழுவதும் அங்கேதான். பிஎச் மீட்டரை முதலில் பிஎச் 7 பஃபர் கரைசலிலும் (பிஎச் அளவு முன்பே தெரிந்த கரைசல்), பிறகு உங்கள் தண்ணீரைப் பொறுத்து 4 அல்லது 10 கரைசலிலும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடாதீர்கள், அதற்கென்று உள்ள சேமிப்புக் கரைசலில் வையுங்கள். மின்கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ 2 விழுக்காடு மாறும். அதனால் மீட்டர் தானாக 25 டிகிரிக்கு ஈடுசெய்து காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காலையில் எடுத்ததையும் நண்பகலில் எடுத்ததையும் ஒப்பிட்டு ஏமாந்துபோவீர்கள். படிவத்தில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் சேருங்கள்: மீட்டரின் எண் என்ன, இன்று பஃபரில் என்ன காட்டியது. எதிர்த்தரப்பு முதலில் கேட்பது இதைத்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கோபோவில் ஒரு படிவம் செய்து பார்த்தோம். குரல் பதிவைக் கேட்டதும் குழுவின் மூத்த அம்மா ஒருவர் போனை வாங்கித் தானே நிரப்ப ஆரம்பித்துவிட்டார். அவருக்காகவே இதைத் தொடர்வோம். இன்னொரு சந்தேகம்: மரங்கள் அடர்ந்த இடத்தில் ஜிபிஎஸ் துல்லியம் 40 மீட்டர் என்று காட்டுகிறது. அப்படியே பதியலாமா?

பதில் 1:
வேண்டாம். 40 மீட்டர் தள்ளினால் கழிவுக் குழாய்க்கு மேலே எடுத்த நீரா கீழே எடுத்த நீரா என்பதே குழம்பிவிடும். கொஞ்சம் வெளியே வந்து வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள், 5 மீட்டருக்கு இறங்கும்வரை பொறுங்கள். அதைவிட நல்ல வழி, நீர் எடுக்கும் இடங்களை நிலையாக வைத்துக்கொள்வது. பாலத் தூண், படித்துறை, பெரிய பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, அதன் புள்ளியை ஒருமுறை நிதானமாக எடுத்து வையுங்கள். படிவத்தில் இடத்தின் படத்தைத் தொட்டுத் தேர்ந்தால் போதும். ஜிபிஎஸ்ஸையும் கூடவே பதியுங்கள், ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பிறகு பார்க்கலாம்.

அப்புறம், பழைய பிஎச் 72ஐத் திருத்தாதீர்கள். எழுதியபடியே இருக்கட்டும். பக்கத்தில் ‘ஐயத்துக்குரியது’ என்று ஒரு கட்டம் சேர்த்துக் குறித்துவிடுங்கள்.