புதுப்பிப்பு: விஎச்எஸ் டேப்பை டிவிடி ஆக்கும்போது ஒலி பின்தங்கியது, இப்போது சரியாகிவிட்டது

வீட்டு விஎச்எஸ் டேப்புகளைக் கணினியில் ஏற்றினால் முதல் பத்து நிமிடம் நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரம் போவதற்குள் உதடு அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

முதலில் மென்பொருளை மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை. தீர்த்து வைத்தது, பழைய டிஜிட்டல் கேம்கோடர் வழியாக அனுப்பச் சொன்ன யோசனைதான். முன்பு படத்தைக் கேப்சர் கார்டும் (வீடியோவைக் கணினிக்குள் வாங்கும் அட்டை) ஒலியைச் சவுண்ட் கார்டும் தனித்தனியாக வாங்கின, இரண்டின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. கேம்கோடர் இரண்டையும் சேர்த்து ஒரே ஃபயர்வயர் கேபிளில் அனுப்பிவிடுகிறது. ஆனால் கேம்கோடரில் விசிஆரின் சிக்னலை வாங்கும் அனலாக் உள்ளீடு இருக்க வேண்டும், எல்லா மாடலிலும் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடமும் வேண்டும்.

அப்புறம் டிவிடிக்கான வீடியோ வடிவமான எம்பெக்-2 ஆகச் சுருக்கினேன். விஎச்எஸ்ஸில் இருக்கும் நுணுக்கத்துக்கு 352×576 புள்ளிகள் போதும். நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் இரண்டு மணி நேர டேப் ஒரு 4.7 ஜிபி வட்டில் அடங்கிவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: படத்தின் அடியில் நெளியும் ஒரு மெல்லிய பட்டை. டேப்பை ஓட்டும் விசிஆர், படத்தைப் படிக்கும் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது, பழைய டிவியின் விளிம்பு மறைத்து வைத்திருந்தது. கறுப்பால் மூடினேன், அந்த நெளிவுக்கு வீணான பிட்டுகளும் மிச்சம்.

பாட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் இப்போது உதடும் குரலும் ஒன்றாக வருகின்றன.