இஞ்சி உறை நாலு நாளாகியும் நுரைக்கல, கொட்டிரவா?

பாளை அடுப்படி:
எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு லீவு விட்டதுல இருந்து தெருமுக்குக் கடையில கலர் வாங்கிக் குடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. நாமளே வீட்டுல இஞ்சி சோடா போட்டுக் குடுப்போம்னு இறங்கினேன். மெஷின் கிடையாது, புளிக்க வச்சுத் தானா ஏறுற கேஸ்தான். ஜிஞ்சர் பக்னு சொல்லுதாங்களே, தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதானேன்னு நான் இஞ்சி உறைன்னே சொல்லுதேன்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல அரை லிட்டர் தண்ணி. தினமும் ஒரு ஸ்பூன் துருவின இஞ்சி, ஒரு ஸ்பூன் உடன்குடி கருப்பட்டித் தூள். வாயில வேட்டித் துணி கட்டியிருக்கு. இன்னைக்கு நாலாம் நாள், ஒரு குமிழி கூட இல்ல. இதுக்கு முன்னால ரெண்டு தடவை மூணாம் நாளே கொட்டிட்டேன். வீடியோவுல மூணே நாளுல பொங்குது. இதையும் கொட்டிரவா? இல்ல கடை ஈஸ்ட் ஒரு சிட்டிகை போட்டுரவா?

தென்காசி சாரல்:
கொட்டாதீங்க அக்கா. ஈஸ்டும் போடாதீங்க. முதல்ல இதைச் சொல்லுங்க. எந்தத் தண்ணி? இஞ்சித் தோலைச் சீவினீங்களா? வாடை எப்படி இருக்கு?

பாளை அடுப்படி:
குழாய்த் தண்ணிதான். அன்னைக்கு பிளீச்சிங் வாடை கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்துச்சு. தோலைச் சீவி, உப்புத் தண்ணியில அலசித்தான் போட்டேன், சுத்தமா இருக்கணும்லா. வாடை இஞ்சி வாடைதான், கெட்டுப்போன மாதிரி இல்ல. மணிக்கு ஒருக்கா துணியை அவுத்துப் பாக்கேன்.

தென்காசி சாரல்:
அப்ப காரணம் கிடைச்சிட்டு. நுரைக்க வைக்கிற ஈஸ்ட் அந்தத் தோலுலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. சீவும்போதே பெரும்பாலும் குப்பைக்குப் போயிருது. மிச்சம் மீதி இருக்கறதை பிளீச்சிங் தண்ணி அடக்கிப் போட்டிருது. தாமிரபரணித் தண்ணியில ஒரு குத்தமும் இல்ல, குளோரின் மட்டும் போகணும். கொதிக்க வச்சு நல்லா ஆற வச்சுருங்க, போதும்.

இப்ப இருக்கறதுல பாதியை ஊத்திட்டு, ஆறின தண்ணி சேருங்க. இன்னைல இருந்து இஞ்சியை மண்ணு போக மட்டும் கழுவி, தோலோட துருவிப் போடுங்க. இனிப்புக்கு வெள்ளைச் சீனி. பனையில பதனிக் கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவுறது எதுக்கு? புளிச்சுக் கள்ளாயிரக் கூடாதுன்னுதான். அந்தச் சுண்ணாம்பு கருப்பட்டியிலயும் கொஞ்சம் தங்கும். அதனாலயோ என்னவோ, எனக்குக் கருப்பட்டி போட்ட உறை எப்பவும் மந்தமாத்தான் வந்திருக்கு. போதாக்குறைக்கு அந்தக் கறுப்புல குமிழி கண்ணுக்கும் தெரியாது. கருப்பட்டியைச் சோடாவுக்கு வச்சுக்கோங்க, அங்கதான் அதுக்கு ருசி.

கடை ஈஸ்ட் போட்டா நுரைக்கத்தான் செய்யும். ஆனா ரொட்டி வாடை ஏறிரும், அப்புறம் அது இஞ்சி உறையா இருக்காது. இன்னும் மூணு நாள் குடுங்க. காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா கிண்டினா போதும்.

டவுண்காரன் லீட்ஸ்ல:
அக்கா, நீங்க பண்ணின அதே காரியத்தை நான் இங்க பீர்ல பண்ணினேன், அதான் எழுதுதேன். இங்கிலாந்துல சொந்த உபயோகத்துக்கு வீட்டுல பீர் போட 1963ல இருந்து லைசென்ஸ் வேண்டாம். (நம்ம ஊர்ல 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குத்தம். யாரும் இதைப் படிச்சுட்டு இறங்கிராதீங்க.)

ஈஸ்ட் போட்ட பிறகு முதல் 12 மணி நேரம், சில சமயம் ஒன்றரை நாள்கூட, வெளியில ஒண்ணுமே தெரியாது. உள்ள அது பெருகிக்கிட்டிருக்கும். நான் செத்துப்போச்சுன்னு நினைச்சு மூடியைத் திறந்து திறந்து பாத்தேன். அப்புறம் குமிழி வந்துச்சு, அஞ்சாம் நாள் நின்னுச்சு. முடிஞ்சதுன்னு பாட்டில்ல அடைச்சேன். முடியல. உள்ள இனிப்பு மிச்சம் இருந்திருக்கு, பத்து நாள்ல ரெண்டு பாட்டில் வெடிச்சுட்டு.

குமிழியை நம்பக் கூடாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. ஹைட்ரோமீட்டர்னு ஒண்ணு இருக்கு, நம்ம பால்காரர் பாலுக்குள்ள விடுற பால்மானிக்கு அண்ணன் தம்பி. இனிப்பு இருக்கும்போது உயர மிதக்கும், ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்ன இறங்கும். வெறும் தண்ணியில 1.000 காட்டும். ஆரம்பத்துல 1.045 காட்டினது 1.010 பக்கம் வந்து, ரெண்டு மூணு நாள் அதே நம்பர்ல நின்னாத்தான் அடைக்கணும். 20 டிகிரியில வச்சா எனக்கு ரெண்டு வாரம் ஆகும். அடைச்ச பிறகு கேஸ் ஏற இன்னும் ரெண்டு வாரம்.

உங்க சோடாவுல இனிப்பு தீரும் முன்னாலயே நிறுத்துறீங்க, அதனால அந்தக் கருவி வேண்டாம். ஆனா ஒண்ணு, கேஸ் ஏறுற இடத்துல ஆல்கஹாலும் துளி ஏறும். ஒரு நாள் ரெண்டு நாள்ல ரொம்பக் கம்மிதான், போட்டு வச்சா கூடிக்கிட்டே போகும். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் குடுக்காதீங்க.

பாளை அடுப்படி:
ரொம்ப நன்றி தம்பி. கடைக்குட்டிக்கு எலுமிச்சைச் சாறோட நிறுத்திக்கிடுதேன்.

ஏழாம் நாள். காலையில துணியை அவுக்கும் முன்னாலயே சத்தம் கேட்டுச்சு, மழைத் தூத்தல் தகரத்துல விழுற மாதிரி சின்னதா. இஞ்சித் துருவல் எல்லாம் மேல ஏறி ஒரு தட்டாட்டம் நிக்கி. கரண்டியை விட்டதும் ஓரத்துல நுரை கட்டுது!

சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணியில இஞ்சி, கருப்பட்டி கொதிக்க வச்சு வடிகட்டி, எலுமிச்சை பிழிஞ்சு வச்சிருக்கேன். கை பொறுக்குற சூடு இருக்கு, இப்பவே உறையை ஊத்தலாமா? மாமா வீட்டுல நாலு கோலி சோடா பாட்டில் கிடக்கு, அதுல அடைச்சா அழகா இருக்கும்லா?

தென்காசி சாரல்:
நல்லா ஆறட்டும் அக்கா. சூட்டுல ஊத்தினா ஏழு நாள் காத்தது அவிஞ்சு போயிரும். பாத்திரத்தோட அடியைத் தொட்டா சூடே தெரியக் கூடாது. லிட்டருக்குக் கால் டம்ளர் உறை போதும்.

களக்காட்டு அண்ணாச்சி:
தாயி, கோலி பாட்டில் வேண்டாம். நான் சோடாக் கம்பெனியில வேலை பாத்தவன். மெஷின்ல எவ்வளவு கேஸ் ஏறுதுன்னு முள்ளு காட்டும், நாங்க நிறுத்துவோம். புளிக்கிறது யாரு சொல்லியும் நிக்காது. ஒரு சித்திரையில வீட்டுல இதே மாதிரி போட்டுக் கண்ணாடி பாட்டில்ல அடைச்சு வச்சேன். மத்தியானம் பரண்ல வெடிச்சுச்சு, சில்லு எதிர்ச் சுவத்துல குத்தி நின்னுச்சு. அந்நேரம் ஆள் யாரும் இல்ல, சாமி புண்ணியம்.

கேஸ் உள்ள கூல்டிரிங்க்ஸ் வர்ற பிளாஸ்டிக் பாட்டில் எடு. மேல ரெண்டு விரக்கடை இடம் விடு. அப்பப்ப அமுக்கிப் பாரு. கடையில திறக்காத சோடா பாட்டில் எப்படிக் கல்லா இருக்கும், அந்தப் பதம் வந்ததும் ஃப்ரிட்ஜுல வச்சிரணும். ராத்திரி பூரா குளுந்த பிறகு, தொட்டிக்கு மேல பிடிச்சு மூடியைப் பையத் திற.

தென்காசி சாரல்:
அண்ணாச்சி சொன்னதுதான் சரி, மணிக் கணக்கை நம்பாதீங்க. உங்களுக்கும் எனக்கும் 50 கிலோமீட்டர்தான். ஆனா குற்றாலத்துல சீசன் தொடங்கிச் சாரல் அடிச்சா எனக்கு மூணு நாள் ஆகும். பாளை வெயிலுக்கு ஒரு நாள்லயே கல்லாயிரலாம்.

பாளை அடுப்படி:
ரெண்டு பாட்டில் போட்டேன். நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அடைச்சது, காலையில அமுக்கினா இன்னும் குழைவாத்தான் இருந்துச்சு. வெயில்ல வச்சிரலாமான்னு கை துறுதுறுன்னுச்சு, வைக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டும் கல்லு. இப்ப ஃப்ரிட்ஜுல இருக்கு, நாளைக்குத்தான் திறப்பேன்.

இன்னொரு சந்தேகம். வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போறோம், வர மூணு நாளாகும். மிச்ச உறையை என்ன செய்ய?

தென்காசி சாரல்:
ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சீனி போட்டு ஃப்ரிட்ஜுல வச்சிட்டுப் போங்க. வந்ததும் வெளியில எடுத்து அதே அளவு போடுங்க. குமிழி தெரிய ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள கொட்டிராதீங்க.